ஏற்காட்டில் மறைந்தவரின் பைபிளைத் தமிழ்ச் சபைகள் ஏற்காதது ஏன்?

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏற்காடு போகிறவர்கள் ஏரியைப் பார்ப்பார்கள். லேடீஸ் சீட்டில் நின்று செல்ஃபி எடுப்பார்கள். காபித்தூளும் மிளகும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். அந்த ஊரில் 1882-ல் பீட்டர் பெர்சிவல் என்றொரு முதியவர் காலமானார் என்பது பலருக்குத் தெரியாது.

யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கியவர் இவர்தான். சைவத்தின் பெரும் காவலராகக் கொண்டாடப்படும் நாவலர் கைவைத்த பைபிள் என்பதால், தமிழ் இலக்கிய வரலாற்றில் அதற்குத் தனி இடம் உண்டு. ஆனால், சபைகளில் அது நிலைக்கவில்லை. 1850-ல் அச்சான அந்த மொழிபெயர்ப்பை ஒதுக்கிவிட்டு, ஏறக்குறைய 20 ஆண்டுகளில் வேறொரு பைபிளைத் தயாரித்துக்கொண்டார்கள்.

அதில் தமிழ் சரியில்லையா? அப்படி யாரும் பெரிதாகக் குறை சொல்லவில்லை. பிரச்சினை வேறு இடத்தில் இருந்தது. ஒரு மதத்தின் புத்தகத்தை, வெளியே நின்று பார்க்கும் படித்தவர் மதிக்கும்படி எழுதுவதா? உள்ளே இருந்துகொண்டு கஷ்டத்தில் தடுமாறுகிறவர் பிடித்துக்கொள்ளும்படி எழுதுவதா? 19-ஆம் நூற்றாண்டுத் தமிழ்ச் சபைகள் இந்தக் கேள்விக்குச் சொன்ன பதில்தான், இன்று உங்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வரும் வேத வசனங்களின் மொழியைத் தீர்மானித்தது.

யார் இந்த பெர்சிவல்?

1803-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1826-ல் வெஸ்லியன் மிஷனரியாக இலங்கை வந்தார். யாழ்ப்பாணத்தில் பள்ளிகள் நடத்தினார். இன்றைய யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி அவருடைய உழைப்பில் வளர்ந்ததுதான். 1842-ல் தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து வெளியிட்டார். அந்தத் தொகுப்பு 1874-ல் சென்னையில் விரிவாக வந்தபோது அதில் 6,000-க்கும் மேற்பட்ட பழமொழிகள் இருந்தன.

1850-களில் அவர் வெஸ்லியன் சபையிலிருந்து விலகி ஆங்கிலிக்கன் சபைக்கு மாறி, சென்னைக்கு வந்தார். 1855-ல் ‘தினவர்த்தமானி’ என்ற தமிழ்ப் பத்திரிகையைத் தொடங்கினார். மாநிலக் கல்லூரியில் பேராசிரியராகவும் இருந்தார்.

இன்னொரு தகவலும் உண்டு. 1863-ல் பல்லாவரத்தில் கற்கால மனிதனின் கல்லாயுதத்தைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், இவருடைய மருமகன். ஃபூட்டின் நினைவுக்கல் ஏற்காட்டின் ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் இருக்கிறது. மாமனார், மருமகன் இருவரின் கதையும் சேர்வராயன் மலையில் வந்து முடிகிறது.

ஏற்கெனவே பைபிள் இருந்ததே, எதற்கு இன்னொன்று?

தமிழில் பைபிள் வந்தது பெர்சிவலுக்கு நூறு ஆண்டுகளுக்கும் முன்பே. 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு, 1715-க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்துவிட்டார். இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அது.

அடுத்து வந்த பெரிய பெயர், ஜெர்மனியைச் சேர்ந்த பப்ரிசியஸ். 1740-ல் இந்தியா வந்து, 1742 முதல் சென்னை வேப்பேரியில் வாழ்ந்தார். அவருடைய புதிய ஏற்பாடு 1772-ல் வந்தது. பழைய ஏற்பாடு முழுவதும் அச்சாகி முடிந்தபோது அவர் உயிரோடு இல்லை.

பப்ரிசியஸின் வாழ்க்கை சொகுசானது அல்ல. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சென்னைக்காக மோதிக்கொண்டபோது, வேப்பேரியை விட்டுவிட்டுப் பழவேற்காட்டுக்கு ஓட வேண்டியிருந்தது. சபையின் பணத்தை வட்டிக்குக் கொடுத்த இடத்தில் ஏமாற்றம். கடைசிக் காலத்தில் கடனுக்காகச் சிறைக்கும் போனார். 1791-ல் இறந்தார்.

அவருடைய மொழிபெயர்ப்பு மெதுவாக உருவானது. எழுதியதை சாதாரண மக்களுக்கு வாசித்துக் காட்டி, அவர்களுக்குப் புரிகிறதா என்று பார்த்துத் திருத்திக்கொண்டே போனார். ஜெர்மன் பாடல்களையும் தமிழாக்கினார். அவருடைய பைபிளும் பாட்டும் சேர்ந்து, தமிழ் சீர்திருத்தச் சபைகளின் பேச்சையே உருவாக்கின.

ஆனால், ஊரில் வேறு பேச்சும் இருந்தது. ‘பாதிரித் தமிழ்’ என்பது அன்றைய கேலி. புலவர்கள் பார்வையில் மிஷனரிகளின் புத்தகங்கள் இலக்கணப் பிழை மலிந்தவை. கம்பனையும் கந்தபுராணத்தையும் கேட்டு வளர்ந்த யாழ்ப்பாணத்துச் சைவர்கள் முன் அந்த நடையை வைத்தால், உள்ளே என்ன சொல்லியிருக்கிறது என்று யாரும் பார்க்கமாட்டார்கள். நடையைப் பார்த்தே புத்தகத்தை மூடிவிடுவார்கள். பெர்சிவலின் கவலை இதுதான்.

நாவலர் எப்படி உள்ளே வந்தார்?

நல்லூரில் 1822-ல் பிறந்த ஆறுமுகம், பெர்சிவலின் பள்ளியில் ஆங்கிலம் படித்தார். பிறகு அங்கேயே ஆசிரியரானார். 20 வயதை ஒட்டிய இளைஞர். தமிழிலும் வடமொழியிலும் தேர்ச்சி. பைபிள் வேலைக்கு பெர்சிவல் இவரைச் சேர்த்துக்கொண்டார். மதம் மாறச் சொல்லிக் கட்டாயம் இல்லை. நெற்றியில் திருநீற்றோடுதான் வேலை நடந்தது.

1840-களில் சில ஆண்டுகள் இந்த வேலை நீண்டது. முடிந்த மொழிபெயர்ப்பைச் சென்னைக்கு எடுத்துச் சென்றபோது, தமிழறிஞர் மழவை மகாலிங்கையர் அதைப் பார்த்து நன்றாக இருப்பதாக ஒப்புதல் சொன்னார் என்பது நாவலரின் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்லும் செய்தி. பெர்சிவல் எதிர்பார்த்தது இப்படியொரு ஒப்புதலைத்தான்.

1850-ல் அது ‘சோதனைப் பதிப்பு’ என்ற பெயரில் வந்தது. இன்றைய பாஷையில் சொன்னால் பீட்டா வெர்ஷன். பயன்படுத்திப் பாருங்கள், கருத்துச் சொல்லுங்கள் என்று அர்த்தம்.

கருத்து வந்தது. பழகிய சொற்களைத் தேவைக்கு மேல் மாற்றிவிட்டார்கள்; நடை உயரத்தில் நிற்கிறது; வடமொழிச் சாயல் கூடிவிட்டது; எங்கள் சபை மக்களுக்கு இது ஒட்டவில்லை. தமிழகத்து மிஷன்களின் பொதுவான மனநிலை இது.

அந்த ‘சபை மக்கள்’ யார்?

இதைப் புரிந்துகொள்ள, அன்றைய தமிழ் சீர்திருத்தக் கிறிஸ்தவர்களில் பெருந்தொகையினர் வாழ்ந்த திருநெல்வேலிச் சீமைக்குப் போக வேண்டும்.

அங்கே சபை தொடங்கியது ஒரு சின்னப் பட்டியலோடு. 1780-ல் பாளையங்கோட்டை சபைப் பதிவேட்டில் இருந்தது 40 பெயர்கள்தான். கிளாரிந்தா என்ற மராத்திய பிராமண விதவை அங்கே ஒரு சிறிய கோயில் கட்டினார். மக்கள் அதைப் ‘பாப்பாத்தி அம்மாள் கோயில்’ என்றே அழைத்தார்கள். தஞ்சாவூரிலிருந்து ஸ்வார்ட்ஸ் ஐயர் அனுப்பிய உபதேசியார் சத்தியநாதன், 1790-ல் குருவாக அபிஷேகம் பெற்றார்.

கிராமங்களுக்குள் இந்த விசுவாசத்தைக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் தாவீது சுந்தரானந்தம். சாத்தான்குளம் பக்கத்து ஊர்க்காரர். தஞ்சாவூரில் கிறிஸ்தவராகி, உபதேசியாராகத் திரும்பி வந்து, முதலில் சொந்தக்காரர்களிடம் பேசினார். பனையேறும் குடும்பங்கள் பல சேர்ந்தன. உடனே எதிர்ப்பும் வந்தது. ஜெபக்கூடம் எரிக்கப்பட்டது. ஊருக்குள் இருக்க முடியாத நிலை.

1799-ல் ஒரு துண்டு நிலத்தை வாங்கி, துரத்தப்பட்ட 28 பேரோடு ஒரு புது ஊரை உருவாக்கினார்கள். கிறிஸ்தவர்களுக்கென்று அமைந்த முதல் ஊர் என்பதால் பெயர் ‘முதலூர்’. இன்று மஸ்கோத் அல்வாவுக்குப் பெயர்போன அதே முதலூர்தான். பிறந்த கதை அல்வா போல இனிப்பானது அல்ல. அது ஒரு அகதி முகாமாகத்தான் தொடங்கியது. தாவீது சில ஆண்டுகளில் இறந்தார். விஷம் வைக்கப்பட்டது என்பது அந்தப் பகுதியில் இன்றும் சொல்லப்படும் செய்தி.

பாதிரியார் இல்லாத காலத்தில் என்ன நடந்தது?

1802-ல் கெரிக்கே ஐயர் வந்தபோதும், அதன் பிறகு சத்தியநாதன் ஐயர் கையாலும் ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றார்கள். அதற்குப் பிறகு? ஐரோப்பாவில் போர். மிஷனுக்கு ஆளும் இல்லை, பணமும் இல்லை. 1806-லிருந்து ஏறக்குறைய பத்து ஆண்டுகள் திருநெல்வேலிக் கிராமங்களில் நிரந்தரமாகத் தங்கிய ஐரோப்பிய மிஷனரி யாரும் இல்லை.

நடுவில் 1811-ல் கொள்ளைநோய்க் காய்ச்சல். குடும்பம் குடும்பமாகச் செத்தார்கள். ‘புதுச் சாமியைக் கும்பிட்டதால்தான் இந்த நோய்’ என்று பயந்தவர்கள் பழைய வழிபாட்டுக்குத் திரும்பினார்கள். பிஷப் கால்டுவெல் 1881-ல் எழுதிய திருநெல்வேலி மிஷன் வரலாறு இந்தக் காலத்தின் சரிவை மறைக்கவில்லை.

1816-ல் பாளையங்கோட்டைக்கு ராணுவ குருவாக வந்த ஜேம்ஸ் ஹஃப் விசாரித்துப் பார்த்தபோது, 3,000-க்கும் மேற்பட்டோர் பல கிராமங்களில் இன்னும் கிறிஸ்தவர்களாக இருந்தார்கள். போனவர்கள் பலர், நின்றவர்களும் கணிசம். நின்றவர்களை நிறுத்தியது யார்? நாட்டுக் குருமார் ஒருசிலர், குறைந்த சம்பளத்தில் ஊர் ஊராக நடந்த உபதேசியார்கள், வீட்டில் ஜெபம் சொல்லிக்கொடுத்த தாய்மார்கள்.

அவர்கள் கையில் இருந்த கருவிகளும் கொஞ்சம்தான். ஒரு ஞானோபதேசம், சில பாட்டுகள், கிடைத்த இடத்தில் பப்ரிசியஸின் புதிய ஏற்பாடு. பெரும்பாலானோருக்கு எழுத்துத் தெரியாது. உபதேசியார் வாசிப்பார்; மற்றவர்கள் கேட்பார்கள்; திரும்பச் சொல்வார்கள்; அப்படியே மனப்பாடமாகும்.

1820-ல் வந்த ரேனியஸ், இந்த மக்களின் கஷ்டம் புத்தகத்தால் மட்டும் தீராது என்பதைக் கண்டார். மதம் மாறியவர்களைக் குடியிருப்பிலிருந்து விரட்டினால் போக இடம் வேண்டும் அல்லவா? 1830-ல் உருவான ‘தர்ம சங்கம்’ நிலம் வாங்கிப் புது ஊர்களை அமைத்தது. உபதேசியார்களின் விதவைகளுக்காகத் தனி நிதியும் தொடங்கப்பட்டது. விசுவாசத்தில் நில்லுங்கள் என்று சொல்வதோடு, நிற்க ஒரு அடி மண்ணும் கொடுத்தார்கள். அதே ரேனியஸ் புதிய ஏற்பாட்டைத் திருத்தி எழுதிய மொழிபெயர்ப்பாளரும்கூட. அவர் தேடியது பேச்சுக்குப் பக்கத்தில் இருக்கும் எளிய தமிழ்.

சொல்லை மாற்றினால் அப்படி என்ன ஆகிவிடும்?

பெர்சிவலின் பைபிள் வந்து சேர்ந்தது இப்படிப்பட்ட மக்களிடம். படித்தவர் ஒருவருக்கு மொழிபெயர்ப்பு மாறினால் பெரிய இழப்பில்லை. பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்; எது மேல் என்று வாதாடுவார். எழுத்து வாசிக்கத் தெரியாதவருக்கு அப்படி இல்லை. அவருடைய பைபிள் அவருடைய நினைவில் இருக்கிறது. பிள்ளையைப் புதைத்த ராத்திரியில் உபதேசியார் வந்து சொன்ன வார்த்தை அது. ஜெபக்கூடம் எரிந்தபோது மரத்தடியில் கூடிச் சொன்ன வார்த்தை அது. அதை மாற்றினால், இருட்டில் படியேறும்போது கைப்பிடியை இடம் மாற்றி வைத்த கதையாகிவிடும்.

பவுல் ரோமருக்கு எழுதிய கடிதத்தின் 14, 15-ஆம் அதிகாரங்களில் இதே பிரச்சினை வேறு வடிவில் வருகிறது. எதைச் சாப்பிடலாம், எந்த நாளைக் கொண்டாடலாம் என்பதில் தெளிவானவர்களுக்கும் தயங்குகிறவர்களுக்கும் இடையே சண்டை. தெளிவானவர்கள் சொல்வது சரிதான் என்பதைப் பவுல் மறுக்கவில்லை. ஆனால், தயங்குகிறவரை மனதில் வைத்து விட்டுக்கொடுக்கும் பொறுப்பு தெளிவானவர்களுக்கே அதிகம் என்கிறார். பெர்சிவலின் பைபிள் விவகாரத்தில் சபைகள் எடுத்த முடிவை இந்தக் கண்ணோட்டத்திலும் பார்க்கலாம்.

பெர்சிவலை மக்கள் மொழி தெரியாதவர் என்று ஒதுக்கவும் முடியாது. யாழ்ப்பாணத்துத் தெருவிலும் வயலிலும் புழங்கிய பழமொழிகளைத் தேடித் தொகுத்தவர் அவர். ஆனால், பைபிள் என்று வந்தபோது அவர் கண் முன்னால் இருந்த வாசகர் வேறு. மதிப்பிட வரும் பண்டிதர் அவர்.

பிறகு எந்தத் தமிழ் ஜெயித்தது?

1850-களின் பிற்பகுதியில் பல மிஷன்கள் சேர்ந்து புதிய திருத்தத்துக்கு ஒரு குழு அமைத்தன. தலைமை மொழிபெயர்ப்பாளர் ஹென்றி பவர். சென்னையில் பிறந்த ஆங்கிலோ-இந்தியர். தமிழைக் கேட்டு வளர்ந்தவர். அவரோடு உழைத்த தமிழறிஞர் முத்தையா பிள்ளை. குழுவில் கால்டுவெல்லும் இருந்தார். ‘திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்’ எழுதியவர் அவர். தேரிக்காட்டு இடையன்குடியில் பனைத்தொழிலாளர் நடுவே வாழ்ந்தவரும் அவர்தான்.

அவர்கள் எடுத்த முக்கிய முடிவு: அடித்தளம் பப்ரிசியஸ். மக்கள் நினைவில் இருப்பதை முடிந்தவரை அசைக்க வேண்டாம்; பிழை இருக்கும் இடத்தில் மட்டும் திருத்தலாம். ரேனியஸின் எளிமையும் பெர்சிவலின் மொழிபெயர்ப்பும் ஒப்பிட்டுப் பார்க்க உதவின. 1871-ல் முழு பைபிளும் வந்தது. பல மிஷன்கள் சேர்ந்து ஏற்றதால் அதற்கு ‘ஐக்கிய மொழிபெயர்ப்பு’ என்று பெயர். இன்று கடைகளில் ‘பழைய திருப்புதல்’, சுருக்கமாக ஓ.வி. என்று விற்பது இந்த மரபில் வந்ததுதான்.

இதையும் எல்லோரும் ஏற்கவில்லை. தரங்கம்பாடி மரபில் வந்த லுத்தரன் சபையினர் பப்ரிசியஸை விட மறுத்தார்கள். அவர் ‘பராபரன்’ என்று எழுதிய இடத்தில் பவர் ‘தேவன்’ என்று எழுதியிருந்தார். ஒற்றைச் சொல்தான். ஆனால், தாத்தா காலத்திலிருந்து ஜெபத்தில் கூப்பிட்ட பெயரை எப்படி மாற்றுவது என்பது அவர்கள் கேள்வி. பெர்சிவலுக்கு எதிராக எழுந்த அதே உணர்வை, பவரும் சந்திக்க வேண்டியிருந்தது.

பஞ்சம் வைத்த பரீட்சை

புதிய பைபிள் வந்து ஐந்தே ஆண்டுகளில் 1876–78 தாது வருஷப் பஞ்சம். சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் மடிந்தார்கள். மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. திருநெல்வேலியும் தப்பவில்லை.

1877 மார்ச்சில் கால்டுவெல்லும் சார்ஜென்ட்டும் திருநெல்வேலிக்கு உதவி பிஷப்புகளாக அபிஷேகம் பெற்றார்கள். நிவாரணக் கஞ்சி கொடுப்பதும் சபை நடத்துவதும் ஒன்றாக நடந்தன. ஆயிரக்கணக்கானோர் புதிதாகச் சபையில் சேர்ந்தார்கள். ‘சோற்றுக் கிறிஸ்தவர்கள்’ என்ற ஏச்சு இந்தச் சமயத்தில் பலமாகக் கேட்டது. அந்த விமர்சனத்தை அப்படியே தள்ளிவிட முடியாது. பசியில் வந்தவர்களில் பலர், மழை வந்ததும் போயும்விட்டார்கள்.

மிஷன்களுக்கு முன் இருந்த கேள்வி நடைமுறையானது. கஞ்சிக்காக வந்தவரைச் சந்தேகத்தோடு வாசலில் நிறுத்துவதா? உள்ளே விட்டு, எழுத்தும் பாட்டும் சொல்லிக்கொடுத்துப் பார்ப்பதா? திருநெல்வேலி இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது. நிலைத்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் அடுத்த தலைமுறையில் ஆசிரியர்களாகவும் நர்ஸுகளாகவும் ஊர்விட்டு ஊர் போனார்கள்.

நாவலர் என்ன செய்தார்?

கதையில் ஒரு முக்கியத் திருப்பம் இங்கே இருக்கிறது. பெர்சிவலின் பைபிளுக்கு உழைத்த ஆண்டுகளில், மிஷனரிகள் எப்படி வேலை செய்கிறார்கள் என்பதை நாவலர் பக்கத்தில் இருந்து பார்த்தார். அச்சகம், பள்ளிக்கூடம், கேள்வி-பதில் பாடநூல், வாராந்திரப் பிரசங்கம். மறுபக்கம், சொந்தச் சைவர்கள் தங்கள் சமயத்தைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லத் தெரியாமல் நிற்பதையும் பார்த்தார். அவருக்கும் கவலை பலவீனமான விசுவாசிகளைப் பற்றித்தான்.

1848-ல் வேலையை விட்டு வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். ‘பாலபாடம்’ எழுதினார். கேள்வி-பதிலாக ‘சைவ வினாவிடை’ எழுதினார். செய்யுளில் இருந்த பெரியபுராணத்தை, சாதாரண ஆட்கள் வாசிக்க உரைநடையாக்கி அச்சிட்டார். பண்டிதர் மெச்சும் நடையில் எழுதத் தெரிந்தவர், சொந்த மக்களுக்கு என்று வந்தபோது பிழையில்லாத எளிய உரைநடையைத் தேர்ந்தார். தமிழ் உரைநடையின் தந்தை என்ற பெயர் அவருக்குக் கிடைத்ததில் இந்த முடிவுக்குப் பங்குண்டு.

அதாவது, யாழ்ப்பாணத்தில் நாவலரும் திருநெல்வேலியில் சபைகளும் ஒரே நேரத்தில், எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து, ஒரே மாதிரியான முடிவுக்கு வந்தார்கள். அடுத்த தலைமுறைக்குக் கைமாற வேண்டிய விசுவாசம், தடுமாறுகிறவருக்கு முதலில் எட்ட வேண்டும்.

இன்று ‘பலவீனர்’ யார்?

பவரின் தமிழ் 150 ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் வாங்கும் வாக்குத்தத்த அட்டையில் இருப்பது அந்தத் தமிழ். ஆஸ்பத்திரி வார்டில் பாட்டி கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் 23-ஆம் சங்கீதமும் அந்தத் தமிழ்தான். 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் லார்சன் முதலியோர் செய்த திருத்தத்தில் ‘தேவன்’ போய் ‘கடவுள்’ வந்தார். அறிஞர்கள் பாராட்டினார்கள், சபைகள் பழையதிலேயே நின்றன. தமிழ் பைபிள் மொழிபெயர்ப்புகளை ஆராய்ந்த ஹெப்சிபா இஸ்ரேல், பவர் மொழிபெயர்ப்பு தமிழ்ப் புராட்டஸ்டன்ட் மக்களின் அடையாளமாகவே ஆகிவிட்டதை விரிவாக எழுதியிருக்கிறார்.

ஆனால், அன்று தாங்கிய அதே தமிழ் இன்று சிலருக்குத் தடுப்புச் சுவராகவும் நிற்கிறது. ‘சிலாக்கியம்’, ‘தேற்றரவாளன்’, ‘நீடிய பொறுமை’ போன்ற சொற்கள் பெங்களூரில் ஐடி வேலை பார்க்கும் 24 வயது இளைஞருக்கு உடனே புரியுமா? பலர் ஜெபத்தைத் தமிழில் வைத்துக்கொண்டு வாசிப்பை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். சிலர் இரண்டையும் விட்டுவிட்டார்கள். வேலை போன மாதத்தில், மனம் உடைந்த இரவில், கையில் போனோடு தனியாக உட்கார்ந்திருக்கும்போது அவர்களுக்கு எந்தத் தமிழ் ஞாபகத்துக்கு வரும்? ஒன்றும் வராமலும் போகலாம்.

1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பான ‘திருவிவிலியம்’, கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் சேர்ந்து உழைத்த இக்காலத் தமிழ். கத்தோலிக்கக் கோயில்களில் அது நிலைத்துவிட்டது. சீர்திருத்தச் சபைகளில் பெரும்பாலானவை இன்னும் பவரைத்தான் கையில் எடுக்கின்றன. இரு தரப்பிலும் நியாயம் உண்டு. வார்டில் படுத்திருக்கும் பாட்டியிடம் போய் ‘சங்கீதம்’ இனி ‘திருப்பாடல்’ என்று திருத்துவது இரக்கமில்லாத வேலை. பேரனுக்குப் புரியாததைப் பாரம்பரியம் என்று சொல்லித் திணிப்பதும் அதே வகைதான்.

பெர்சிவல் விவகாரத்தில் தமிழ்ச் சபைகள் செய்ததைப் பார்த்தால், ஒரு நடைமுறைப் பாடம் கிடைக்கிறது. பழைய பைபிளை அவர்கள் ஒரேயடியாக மாற்றவும் இல்லை, தொடாமல் விடவும் இல்லை. யாருக்கு அது அதிகம் தேவைப்படுகிறதோ, அவருடைய காதை வைத்து ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்தார்கள். அன்று அந்தக் காது பனையேறியுடையது. இன்று அது அவருடைய கொள்ளுப்பேரனுடையதாகவும் இருக்கலாம். கேட்பவர் மாறியிருக்கிறார் என்பதை ஒப்புக்கொள்ளும் சபையில்தான், பாட்டியின் சங்கீதம் பேரனின் போனுக்குப் போய்ச் சேரும்.